ஓவர்கோட்டுக்குள் தைத்த உத்தரியம்

முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வறுத்த கொட்டையின் ஓட்டில் ஊறும் எண்ணெய் தோலைத் தின்னும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் நுனிகள் கறுத்துப்போகும். கொளஞ்சியம்மாளின் விரல்கள் அப்படிப்பட்டவை. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் காட்டை ஒட்டிய ஊருக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே கொட்டாயில் கொட்டை உடைக்கிறாள். கணவன் கருப்பண்ணன் அப்போது லாரிகளில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தான். இப்போது சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான்.

அவள் பெற்றது மூன்று. இருப்பது ஒன்று.

மூத்தவள் அம்சவள்ளி. நடக்கப் பழகி, வாசலில் மேயும் கோழியை விரட்டத் தொடங்கியிருந்த வயதில், ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, விடிவதற்குள் போய்விட்டாள். அடுத்தது ஆண். பெயர் வைப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் இறந்தது. டாக்டர் சொன்ன காரணம் அவளுக்கும் விளங்கவில்லை, கருப்பண்ணனுக்கும் விளங்கவில்லை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வீட்டு வாசல் சரியில்லை என்றார்கள். குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டாய் என்றார்கள். கொளஞ்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதுவும் மனதில் ஒட்டவில்லை. மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் ஒட்டக்கூடிய ஒரு காரணம் கிடைத்தது. கொடுத்தவள் ஏஞ்சல் மேரி.

ஏஞ்சல் மேரி வரதராசன்பேட்டையில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். கொட்டாயில் கொளஞ்சியம்மாளுக்குப் பக்கத்துக் கல் அவளுடையது. ஒரு நாள் கொட்டை உடைத்தபடியே கேட்டாள்.

"அந்த ரெண்டயும் யார்கிட்டயாவது ஒப்படச்சியா கொளஞ்சி?"

"ஒப்படைக்கிறதுன்னா?"

"நாங்க நேர்ந்துக்குவோம்ல. இந்தப் புள்ள ஒனக்கு, நீ பாத்துக்கன்னு. ஏலாக்குறிச்சி மாதாகிட்ட ஒருவாட்டி வந்து பாரேன்."

கருப்பண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒம் பேருலயே சாமி இருக்கு. கொளஞ்சியப்பர வுட்டுட்டு மாதாகிட்ட என்னா வேல?" என்றான்.

"அவருகிட்டதான் ரெண்டு வாட்டி சொன்னேன். இந்த வாட்டி ஒரு பொம்பளகிட்ட சொல்லிப் பாக்குறேனே."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் காலடியில் வைத்து எடுத்த உத்தரியம் ஒன்றை ஏஞ்சல் மேரி வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கயிறுகளால் இணைத்த, தீப்பெட்டி அளவு பழுப்புத் துணிச் சதுரங்கள் இரண்டு. மாதா படம் போட்டவை. ஒன்று மார்புப் பக்கமும் மற்றது முதுகுப் பக்கமும் தொங்கும்படி கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். கொளஞ்சியம்மாள் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் எட்டாவது முடிக்கிற வரை இது அதன் உடம்பைவிட்டு இறங்காது. முடித்த வருசம் உன் காலடியிலேயே கொண்டுவந்து வைக்கிறேன். அவளே ஐந்தாவதுக்கு மேல் படித்ததில்லை. எட்டாவது என்பது, ஒரு பிள்ளை தங்கிவிட்டது என்று நம்பிக்கொள்ளக்கூடிய தூரமாக அவளுக்குத் தெரிந்தது.

பெண் பிறந்தது. அடைக்கலம் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை தங்கியது.

இறந்த இரண்டைப் பற்றி யார் கேட்டாலும் அதற்குப் பிறகு கொளஞ்சியம்மாள் ஒன்றைத்தான் சொன்னாள். "நான் யார்கிட்டயும் ஒப்படைக்கல. ஒப்படச்சிருந்தா இருந்திருக்கும்." சொல்லும்போது குரல் இறங்கும். ஆனால் அழுகை வராது. தன் மேலேயே குற்றத்தைப் போட்டுக்கொண்டதில் அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்தது.

உத்தரியத்தை அவள் தனக்குத் தெரிந்த விதத்தில் கும்பிட்டாள். பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் மஞ்சள் தடவி, மேலே குங்குமம் வைத்தாள். கொட்டை எண்ணெய்க் கறையும் விரலிலிருந்து ஏறியது. ஏஞ்சல் மேரி பார்த்துச் சிரித்தாள்.

"ஏன்டி, எங்க மாதாவ மாரியாத்தாவா ஆக்கிட்டியே."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க, நீ கொட்டைய ஒட."

அடைக்கலம் பெரியவளானபோது, தீட்டு நாட்களில் அதைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு கொளஞ்சியம்மாள் ஏஞ்சல் மேரி வீட்டுக்கு ஓடினாள். "மாதாவும் பொம்பளதானடி" என்றாள் ஏஞ்சல் மேரி. அதனால் அந்த நாட்களிலும் அது இறங்கவில்லை. இதற்குள் மாதா படம் மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் கறைக்கும் கீழே மறைந்துவிட்டது. இரண்டு கறுத்த துணிச் சதுரங்கள்தான் மிச்சம்.

அடைக்கலம் எட்டாவது சேர்ந்த வருசம் பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தது. பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டி வந்தார்கள். எந்தக் கலர் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் கயிற்றை அறுத்தார்கள். மறுநாள், ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டிருந்த ஒரு பையனின் துளசிமணி மாலையைப் பிடித்து இழுத்தார்கள். அதற்கு மறுநாள் வேறொருவனின் சிலுவைச் சங்கிலி. அவன் கழுத்தில் சங்கிலி அறுத்த கோடு ரத்தமாக நின்றது.

தலைமையாசிரியை ஜெயசித்ரா டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். சீருடையின் மேல் இனி கழுத்திலும் கையிலும் எதுவும் இருக்கக் கூடாது. கயிறு, மாலை, சிலுவை, தாயத்து எதுவாக இருந்தாலும் வீட்டோடு இருக்கட்டும்.

"பொட்டு வைக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார் அரியமுத்து. முந்திரிக் கொட்டாய் அவருடையது.

"வைக்கலாம்."

"திருநீறு?"

"பூசட்டும். அதப் புடிச்சி யாரும் இழுக்க முடியாது."

பின்னால் நின்றிருந்த ஆண்ட்ரூஸ், "அப்ப நாங்களும் சிலுவைய நெத்தியில வரஞ்சி வுட்டுடுறோம்" என்றார். சிரிப்பு எழுந்தது. அரியமுத்துவும் சிரித்துவிட்டார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணின் வெள்ளை முக்காட்டைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தார். துப்பட்டா எல்லாப் பெண்களும்தான் போடுகிறார்கள், இவள் தலையில் போடுகிறாள், அவ்வளவுதான் என்று டீச்சர் முடித்துவிட்டார். பிறகு தன் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அங்கேயே கத்தரிக்கோலால் வெட்டி மேசைமேல் வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு கொளஞ்சியம்மாள் மட்டும் நின்றாள்.

"எம் பொண்ணோடது சாமிக்கு நேர்ந்ததுங்க. இன்னும் ஒரு வருசந்தான் பாக்கி."

"எல்லாரோடதும் சாமிக்கு நேர்ந்ததுதாம்மா. ஒங்களுக்கு வுட்டா நாளைக்கு நான் யாருக்கு இல்லன்னு சொல்ல?"

"கழுத்துல இல்லாம, துணியோட வச்சித் தெச்சிட்டா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "வெளிய தெரியாம இருந்தா நான் கேக்கப் போறதில்ல" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான் அது.

மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் ஒரு புதிய வேலை சேர்ந்தது. சுடிதாருக்கு மேல் போடும் ஓவர்கோட்டின் உள்பக்கத்தில், மார்புக்கு நேராக ஒன்றும் முதுகுக்கு நேராக ஒன்றுமாகக் கொளஞ்சியம்மாள் அந்தச் சதுரங்களைத் தைத்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் தையலைப் பிரித்து மறுபடி மகளின் கழுத்தில் போட்டாள். ஒரு நிமிசம்கூட உடம்பைவிட்டு அகலக் கூடாது என்பதால், அடைக்கலம் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்க, போட்டபடியே தைத்தாள். உடம்பில் இருக்கும் துணியைத் தைப்பது ஆகாது என்பார்கள். அதற்குப் பரிகாரமாக மகள் வாயில் ஒரு துடைப்பக் குச்சியைக் கடிக்கக் கொடுத்தாள்.

"இன்னொன்னு வாங்கிக் கோட்டுலயே வச்சித் தெச்சிடேம்மா" என்றாள் அடைக்கலம், குச்சியைக் கடித்தபடியே.

"நேர்ந்தது இதுதான். வாயத் தொறக்காத, ஊசி குத்தும்."

வெள்ளைக் கோட்டில் தாயின் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு ஏறியது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டால், அடுப்புக் கரி என்று அடைக்கலம் சொல்லிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் சண்டை நின்றது உண்மைதான். கயிறுகள் மறைந்தன. புரட்டாசியில் ஒரு நாள் விளையாட்டு நேரத்தில் கபடி ஆடும்போது ஒருத்தி அடைக்கலத்தின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். தையல் பிய்ந்து, கறுத்த துணிச் சதுரம் ஒன்று கயிற்றோடு வெளியே தொங்கியது. குங்குமம் அப்பியிருந்தது.

"ஏய், அது என்னாது?"

"தொடாத. செய்வினைடி."

கழுத்தில் தொங்கியிருந்தால் உத்தரியம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆண்ட்ரூஸ் மகள்கூட அங்கேதான் நின்றாள். அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை. உடுப்புக்குள் மறைத்துத் தைத்த, குங்குமம் அப்பிய துணி என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"யாருக்குடி வச்சிருக்க?"

"ஒங்கம்மா கை ஏன் கருப்பா இருக்குன்னு இப்பதான் தெரியுது."

அடைக்கலம் தொங்கிய துணியைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டாள். அன்று அவள் பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மீதித் தையலையும் பிய்த்து, உத்தரியத்தைச் சுருட்டி, சீமைக்கருவேல முள்ளுக்குள் எறிந்தாள். எறிந்த பிறகு பயம் வந்தது. முள்ளை விலக்கிக் கைகளைக் கீறிக்கொண்டு தேடினாள். கிடைக்கவில்லை.

அம்மா கொட்டாயிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. கொடியில் அப்பாவின் காக்கிச் சட்டை தொங்கியது. அதன் அடிப்பக்கத்தில் துணி வெட்டினாள். சதுரமாக மடித்துத் தைத்து, கயிறு கோத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் அப்பி, அடுப்படியில் கறுப்பு ஏற்றினாள். விளையாட்டில் தையல் பிய்ந்ததால் தானே பிரித்துப் போட்டுக்கொண்டதாக அம்மாவிடம் சொன்னாள். கொளஞ்சியம்மாள் அதைத் தன் கையால் எடுத்து மகள் கழுத்தில் சரிசெய்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை வருசமாக அவள் வைத்த மஞ்சளும் குங்குமமும் மாதாவை முழுக்க மூடிவிட்டிருந்தன. பழையதற்கும் புதியதற்கும் இப்போது ஒரே முகம்தான்.

அடுத்த மாதம் அடைக்கலத்துக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ரத்தத்தில் ஏதோ அணுக்கள் குறைகின்றன என்று அரியலூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே ஐப்பசி, அதே மழை. கொளஞ்சியம்மாள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வார்டில் பானுப்ரியா என்ற நர்ஸ் இருந்தார். "கழுத்துல இருக்கறதக் கழட்டுங்கம்மா. ஒரே அழுக்கா இருக்கு."

"கழட்ட முடியாதுங்கம்மா. நேர்ச்சை உத்தரியம்."

"கிறிஸ்தவங்களா?"

"இல்லிங்க."

"பின்ன?"

"நேர்ந்திருக்கேங்க."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் துணியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சுற்றிக் கட்டி, அடைக்கலத்தின் கணுக்காலில் முடிந்துவிட்டார். "இப்ப ஒடம்புலதான இருக்கு. கையெடுத்துக் கும்புடாதீங்க, எனக்கு ஒரு மாரியா இருக்கு" என்றார்.

"அது வேணாம்மா, எடுத்துரும்மா" என்று காய்ச்சலில் அடைக்கலம் அழுதாள். உளறுகிறாள் என்று நினைத்தாள் தாய். அவள் உளறவில்லை. மாதாவை முள்ளில் எறிந்ததற்குத் தான் சாகப்போகிறோம் என்று அந்தப் பிள்ளை உறுதியாக நம்பிக் கிடந்தது. யாரிடமும் சொல்ல முடியாமல் சாவுக்குக் காத்திருந்தது.

அணுக்கள் ஏறின. வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் முழுக்கக் கொளஞ்சியம்மாள் சொன்னாள். "அது மட்டும் கால்ல இல்லன்னா எம் புள்ள இல்ல." ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அடைக்கலம் எழுந்து வெளியே போய்விடுவாள். சொல்லக்கூடிய நாள் ஒவ்வொன்றாகக் கடந்துபோனது.

முழுப் பரீட்சை முடிந்து, கோடை விடுமுறையில் ஏலாக்குறிச்சிக்குப் போனார்கள். கருப்பண்ணன் லாரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தான். ஏஞ்சல் மேரியும் வந்தாள். கொளஞ்சியம்மாள் மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். மெழுகுவர்த்திக்கட்டு ஒன்றும் கதம்பம் ஒரு முழமும் கையில் இருந்தன. கோயில் வாசலில் கையை நீட்டினாள்.

"கழட்டிக் குடு பாப்பா. கால்ல வச்சிட்டு வந்துரலாம்."

அடைக்கலம் கழற்றினாள். ஆனால் கொடுக்கவில்லை.

"குடும்மா."

"இத வைக்க வேணாம்மா. சாமிகிட்ட பொய் சொல்லக் கூடாது." கொஞ்சம் பொறுத்து, "இது அது இல்லம்மா" என்றாள்.

முள், கபடி, காக்கித் துணி எல்லாவற்றையும் தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தாள். கருப்பண்ணன் அந்தத் துணியை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தான். உள்ளே காக்கி தெரிந்தது.

"சட்டைய எலி கடிச்சிருச்சின்னுல்ல நெனச்சேன்" என்றான். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தவன்போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"எப்பேர்ந்து?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"புரட்டாசிலேர்ந்து."

"காய்ச்சல் ஐப்பசியிலதான வந்துச்சி."

"ஆமாம்மா."

"அப்ப ஆஸ்பத்திரில ஒங் கால்ல கட்டியிருந்தது?"

"இதாம்மா."

அடி விழும் என்று அடைக்கலம் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடி விழவில்லை. "ஆனா பொழச்சிட்ட" என்றாள் கொளஞ்சியம்மாள். அதில் சந்தோசமும் இல்லை, கோபமும் இல்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏஞ்சல் மேரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். "மாதா துணியையா பாக்கும் கொளஞ்சி? ஒம் மனசப் பாத்துக் காப்பாத்திருக்கு."

"சரி மேரி. அம்சவள்ளிக்கு எங்கிட்ட மனசு இல்லியா?"

ஏஞ்சல் மேரியின் கை முதுகில் அப்படியே நின்றது.

"துணி இல்லாமயும் பொழைக்கும்னா, அதுங்க ஏன் போச்சி? நான் ஒப்படைக்காததாலன்னு இத்தன வருசம் சொல்லிக்கிட்டிருந்தேன். அதுவும் இல்லன்னா வேற என்னான்னு சொல்லு."

உள்ளே செபமாலை சொல்லும் குரல்கள் ஏறி இறங்கின. மெழுகுவர்த்தியை ஏஞ்சல் மேரிதான் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. கணவனும் மனைவியும் ஒரு இருக்கையில் உட்கார்ந்தார்கள். முன் இருக்கையில் அடைக்கலமும் ஏஞ்சல் மேரியும். பஸ் அரியலூரைத் தாண்டியது. பிறகு கொளஞ்சியம்மாள் கேட்டாள். இத்தனை வருசத்தில் அவள் கேட்காத கேள்வி அது.

"அம்சவள்ளிக்குக் காய்ச்சல் கண்ட அன்னிக்கு மழையில வண்டி எதுவும் கெடைக்கலன்னு சொல்லுவமே. யார்கிட்டப் போயி கேட்டீங்க?"

கருப்பண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "யார்கிட்டயும் கேக்கல."

"ஏன்?"

"வெறும் காய்ச்சல்தான், காலையில போயிக்கலாம்னு ரெண்டு பேருந்தான சொன்னோம். நீ கசாயம் வச்ச. நான் படுத்துட்டேன். வலிப்பு வந்தப்புறந்தான் எழுப்புன. அப்ப எங்கன்னு போயி கேக்குறது?"

அவளுக்கு நினைவு வந்தது. கசாயத்துக்குத் தட்டிய மிளகுகூட நினைவு வந்தது. குழந்தை அதைக் குடிக்காமல் துப்பியது. காலையில் போய்க்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது அவன்தானா, அவளா என்பது மட்டும் நினைவு வரவில்லை. மழை, வண்டி இல்லை, ஒப்படைக்கவில்லை என்று அடுக்கி அடுக்கி அந்த ராத்திரியின் மேல் போட்டு வைத்திருந்த எல்லாம் விலகிவிட்டது. அடியில் இருந்தது ஒரு சாதாரணக் காய்ச்சலும், களைத்துப் படுத்த இரண்டு பேரும்தான்.

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார். அடைக்கலம் இருக்கையின் மேலால் கையை நீட்டினாள்.

"நான் சொல்லாமயே இருந்திருக்கணும்மா."

"இல்ல பாப்பா" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வழக்கம்போலக் கொட்டாய்க்குப் போனாள். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நேர்ச்சை முடிஞ்சிதா கொளஞ்சி? கால்ல வச்சிட்டு வந்துட்டியா?" என்று எதிர்க் கல்லிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"முடிஞ்சிது."

"புள்ளையக் கைவுடாமக் காப்பாத்திக் குடுத்துருச்சி பாரு."

"ஆமா" என்றாள்.

ஏஞ்சல் மேரி தலையைத் தூக்கவில்லை. பிறகு கொளஞ்சியம்மாள், யாரையும் பார்க்காமல், இன்னொரு கொட்டையை எடுத்துக் கல்லில் வைத்தபடி சொன்னாள்.

"பெரியவ இருந்தா இந்நேரம் காலேஜே முடிச்சிருப்பா."

இறந்த பிள்ளையின் வயதை அவள் எண்ணி யாரும் கேட்டதில்லை. ஏஞ்சல் மேரி மட்டும், "எந்தக் காலேஜ்ல படிக்க வச்சிருப்ப?" என்று கேட்டாள்.

கொளஞ்சியம்மாள் கொட்டை உடைக்கும் கட்டையைக் கீழே வைத்தாள். பதில் சொல்ல ஆரம்பித்தாள்.